பொசன் லீவில் டெப்பட் கவர்

பல்தசார் அக்கா முற்றத்துக்கு
இன்டர்லொக் கல் பதித்து இன்னும் மாதமாகவில்லை.
சாம்பல் நிறக் கல். அதன் நடுவில்
ஒரு ரூபாய்க் குற்றியளவில் தொடங்கி
இப்போது தோசையளவில் கறுப்பு.
"வாடகையைக் கூட்டச் சொல்லி
உங்கட கார்தான் கையெழுத்துப் போடுது" என்றா.

லான்சர். எண்பத்திரண்டாம் ஆண்டுப் பெட்டி.
கல்லடியிலிருந்து வாகரைக்கு
மூன்று டீச்சர்மார், ஒரு பெற்றோல் கணக்குக் கொப்பி,
பின்சீற்றில் நாலாவது ஆளாக
அரை லீற்றர் ஒயில் போத்தல்.
பனிச்சங்கேணிப் பாலம் தாண்டினால் கருகல் மணக்கும்.
ஒருவரும் கதைக்கமாட்டோம்.

கராஜில் சொன்னது: சம்ப் கேஸ்கட்.
இரண்டு வருடத்தில் இரண்டு தரம் மாற்றினார்கள்.
இரண்டு தரமும் காசு வாங்கினார்கள்.
"எஞ்சினைக் கழுவிப்போட்டுப்
பவுடர் போட்டுப் பாருங்களன்" என்றா நஸீஹா டீச்சர்,
பிள்ளைக்கு வேர்க்குரு என்ற மாதிரி.

மண்ணெண்ணெயால் கழுவி, பவுடர் தூவி,
தாழங்குடா வரை ஓடித் திரும்பினோம்.
வெள்ளை முகத்தில் ஒற்றை மைக்கோடு.
மேலே, டெப்பட் கவரின் பின்மூலையில் பிறந்து
இறங்கி இறங்கி
சம்பின் விளிம்பில் நின்று சொட்டியது.
பாவம், சம்ப்.

பொசன் லீவு. கச்சான் காத்து எட்டு மணிக்கே எழும்பி
மணலை அள்ளிக்கொண்டு வந்தது.
திறந்த எஞ்சினுக்கு மணல் ஆகாது.
அனோஜினி பழைய கொட்டன் சேலையொன்றை
மாமரத்துக்கும் மதிலுக்குமாக இழுத்துக் கட்டினா.
போனில் ஒரு பிலிப்பீன்ஸ்காரன்.
மொழி விளங்கவில்லை, கை விளங்கியது.

கவரைத் தூக்கினால் உள்ளே
தேன் நிறத்தில் ஒரு முழு வீடு,
நாங்கள் வருவோமென்று எதிர்பாராதது.
பழைய கேஸ்கட் அப்பளமாய் உடைந்தது.
துண்டுகளைப் பேப்பரில் அடுக்கி
வட்டம் நிரம்புகிறதா என்று பார்த்தோம்.
ஒன்று உள்ளே விழுந்தாலும் கதை வேறு.
பின்மூலையில் அந்த அரைநிலா ரப்பர்:
பனங்கொட்டையாய் இறுகி, நகம் பதியாமல்.
முழுநிலா நாளில் அதை நெம்பி எடுக்க
முக்கால் மணித்தியாலம்.
ஏறாவூர்க் கடையில் செட்டோடு வந்த புதியது
நஸீஹாவின் உள்ளங்கையில்
நுங்கு மாதிரிக் குழைந்தது.

இறுக்குவதுதான் பயம்.
கூடினால் பிதுங்கும். குறைந்தால் திரும்பவும் தோசை.
அதற்கான சாவி எங்களிடம் இல்லை.
பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில்
கையெழுத்து வைத்து எடுத்த விற்றராசு இருந்தது.
ஸ்பனரில் இருபது சென்ரிமீற்றரில் கொளுவி
முப்பது நியூற்றன் காட்டும்வரை இழுத்தேன்.
விசையின் திரும்பல் விளைவு, பதினோராம் ஆண்டு.
ஆறு வருடமாய்க் கரும்பலகையில் கிறுக்கியதை
இன்றைக்கு எங்கட ஊர்ப் பேச்சில் கிறுக்கினேன்,
வலப்பக்கமாக.
"மறுகா மற்றது" என்றா அனோஜினி,
ஒவ்வொரு போல்ட்டுக்கும்.

பின்னேரம் பல்தசார் அக்கா
பிளேன்ரீயோடு தேய்க்கிற பிரஷும் கொண்டுவந்தா.
குடித்தோம். தேய்த்தோம்.
கறுப்பு கொஞ்சம் கல்லோடு சமாதானமாகி
நின்றுவிட்டது.

இரவு காருக்குக் கீழே பிஸ்கட் பெட்டி அட்டையை விரித்தேன்.
நித்திரை அட்டையிலேயே கிடந்தது.
நாலரைக்கு எழும்பி, போன் வெளிச்சத்தில்
குந்தியிருந்து பார்த்தேன்.

ஒரு சொட்டு.

விரலால் தொட்டேன். கறுப்பில்லை.
பச்சை.
ரேடியேற்றர் தண்ணி.
வோட்டர் பம்ப் கேஸ்கட்
இத்தனை காலமும் ஒயிலுக்குப் பின்னால் ஒளிந்திருந்திருக்கிறது.

ஏறாவூர்ச் சந்தியில் ஏறிய நஸீஹா
பின்சீற்றைப் பார்த்தா.
ஒயில் போத்தலின் இடத்தில் தண்ணிப் போத்தல்.
ஒன்றும் கேட்கவில்லை. கதவை இரண்டாம் தரம் அடித்துச் சாத்தி,
போனில் கலண்டரைத் திறந்தா.
"எசல போயா எப்ப வருகுது, டீச்சர்?"