சாய்த்துப் பிடித்த டார்ச்

லிஃப்டுக்கு இருபது தெத்ரி.
காசு விழுந்த பிறகுதான் அதற்கு மேலே போக மனம் வரும்.
ஏழாவது மாடியில் கதவைத் திறந்த வாழா
வணக்கம்கூடச் சொல்லவில்லை.
"பேசுகிறது, நானுலி.
முகத்தைத்தான் காட்ட மாட்டேன் என்கிறது."

உள்ளே, கறுப்புக் கண்ணாடிக்கு எதிரே
நாற்காலிகள் அரைவட்டமாய்,
துக்கம் கேட்க வந்தவர்களுக்குப் போட்ட மாதிரி.
கண்ணாடிக்குள்ளிருந்து ஒருவன்
சோப்புத்தூள் விற்றுக்கொண்டிருந்தான்,
அத்தனை உற்சாகமாக.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாக்குமூலம் தந்தார்கள்.
வாழா பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டியிருக்கிறார்.
மைத்துனன் தெமூர் கேபிளைப் பிடுங்கி
வேறொன்று செருகியிருக்கிறான், அதுவும் பழையது.
சியாலா மட்டும் பிளக்கைக் கழற்றி
அறுபது வரை எண்ணி மாட்டியதாகச் சொன்னாள்.
"நாற்பதில் நிறுத்தினாய்."
"நீங்கள் தட்டியதற்கு முன்னாலா, பின்னாலா?"
நான் குறுக்கே போகவில்லை.
முப்பது வருடத் திருமணத்தில்
மல்டிமீட்டரை வைக்கக் கூடாது.

மெனு பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமில்லை.
ஒலியைக் கூட்டினேன், கூடியது.
ஒரு சேனலில் பாதிரியார். இன்னொன்றில்
ரியோனிக் கரையில் மழை என்று ஒரு பெண்.
கலகல என்று சின்னச் சத்தம்.
"அவள் வளையல் போடுகிறாள் என்பதே
இந்த ஒன்பது நாளில்தான் தெரிந்தது" என்றாள் சியாலா.

அவர்கள் கேட்ட சேனலுக்கே திருப்பி
"விளக்கை அணையுங்கள்" என்றேன்.
டார்ச்சைத் திரையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன்.
நேராகப் பிடித்தால் நம் முகம்தான் தெரியும்.
முதலில் தூசி.
பிறகு வாழாவின் உள்ளங்கைத் தடம்.
பிறகு, கலங்கின தண்ணீரில் மீன் புரண்ட மாதிரி
ஒரு தோள்.
புல்.

"இருக்கிறான்!" என்று கத்தினான் தெமூர்.

ஒன்பது நாளும் இருந்தார்கள்.
படம் போகவில்லை, படத்துக்குப் பின்னால் எரிகிற பட்டை போயிருக்கிறது.
குண்டுமணி அளவு விளக்குகள்,
ஒன்றின் கையை ஒன்று பிடித்தபடி.
ஒன்று விட்டால் எல்லாம் இருட்டு.
திபிலீசியிலிருந்து வர வேண்டும்,
எழுபது லாரி, கூலி தனி, வியாழக்கிழமை ஆகும்.

"வியாழனா" என்றார் வாழா.
"ஆட்டம் இன்னும் பத்து நிமிடத்தில்."
ரக்பி. எங்கள் ஊர் அணி, எதிரே ரூஸ்தாவி.

நான் கிளம்பியிருக்க வேண்டும்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வாஷிங் மெஷின் பாக்கி.
ஆனால் சியாலா சோள ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்தாள்,
தெமூர் போன் வெளிச்சத்தோடு
வலது மூலையில் மண்டியிட்டான்,
இடது மூலையில் நான்,
நடுவே ஸ்டூல் மேல் சியாலா,
கரண்ட் போகிற இரவுகளுக்கென்று வைத்திருந்த பெரிய டார்ச்சோடு.
வாழா ஒருவர்தான் நாற்காலியில்.
"யாராவது பார்க்கவும் வேண்டுமே" என்றார்.

பந்து என் வட்டத்தில் இருந்தது.
பிறகு இல்லை.
"உன்னிடம், தெமூர், உன்னிடம்!"
தெமூரிடம் நடுவரின் காலுறை மட்டும் இருந்தது.
வர்ணனையாளனுக்கு மூச்சு வாங்கியது.
நாங்கள் அவன் வார்த்தையைத் துரத்திக்கொண்டு துழாவினோம்.
ஒருவர் மேல் ஒருவர் விழுந்த குவியலில்
சியாலாதான் முதலில் கண்டாள்,
யாரோ ஒருவன் வயிற்றுக்கடியில்,
அடைகாக்கிற முட்டை மாதிரி.
"இதோ" என்றாள், டார்ச்சை அசைக்காமல்.

கோடு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.
வாழா எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.
மேல்மாடியிலும் ஏதோ விழுந்தது,
அதனால்தான் தாண்டிவிட்டான் என்று நம்பினோம்.

வியாழன் பட்டையை மாற்றினேன்.
பதினோராவது விளக்கு, கருகிய மிளகு.
திரை பளீரென்று வந்தது,
எல்லோரும் கண்ணைச் சுருக்கினோம்.
வானிலைப் பெண்.
வளையல் இல்லை.
தொளதொளத்த சங்கிலியில் ஒரு கைக்கடிகாரம்.
சியாலா பார்த்துக்கொண்டே இருந்தாள்,
பிறகு ரிமோட்டை எடுத்து
ஒலியைக் கொஞ்சம் குறைத்தாள்.