பெறப்பட்டது

போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில்
ஒரே காலையில் பதினொரு பெட்டி வைத்துவிட்டேன்.
பெட்டிக்கு நூற்றைம்பது எனக்கு.
பன்னிரண்டு தொட்டால் பெட்ரோல் தனி.

பன்னிரண்டாவதுதான் நாகவேணி கடை.
கடை என்றால் கடையில்லை.
ஒரு தார்ப்பாய், ஒரு தராசு,
மார்கழிப் பனி காயாத மொச்சைக்காய் இரண்டு மூட்டை.

"கணக்கு யார் பேர்லங்க?"
அவள் எடை போட்டுக்கொண்டிருந்தாள்.
வண்டியைவிட்டு இறங்காமலே திம்மராயன் சொன்னான்,
"என் பேர்லதான்."
ஆதார் அவனுடையது, ஓடிபி அவனுக்கு வந்தது.
கட்டம்போட்ட அட்டையைக் குச்சியில் கட்டியது நான்.
ஆடாமல் பிடித்துக்கொண்டது அவள்.

சோதனைக்கு ஒரு ரூபாய் அனுப்பினேன்.
"ஒரு ரூபாய் பெறப்பட்டது"
என்று கத்தியது பெட்டி.
பூண்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.
நாகவேணி சிரித்தாள்,
யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

பெறப்பட்டது.
பள்ளிக்கூடத்தில்
செயப்பாட்டு வினை நடந்த அன்று
ஜன்னல் வழியே
கல் லாரி எண்ணிக்கொண்டிருந்தவன் நான்.
எவரால் என்று கேட்க வேண்டுமாம்.
பெட்டியிடம் போய் யார் கேட்பது?

தை போய் மாசி வந்தது,
மொச்சை ஓய்ந்து புளி வந்தது,
ஆபீஸிலிருந்து ஒரு பட்டியல் வந்தது:
தூங்கும் பெட்டிகள்.
போச்சம்பள்ளியில் ஒன்று.
ஏழு மணி முதல் பத்து வரை பேசுகிறது,
பத்துக்கு மேல் ஊமை.
நேரில் போய்க் காரணம் எழுது.

பத்து மணிக்குத் திம்மராயன்
டாட்டா ஏஸை எடுத்துக்கொண்டு மத்தூர் கிளம்புகிறான்.
பத்து ஐந்துக்கு
அட்டையின் மேல் ஒரு ஈரத்துண்டு காய்கிறது.
பெட்டியைக் காணோம்.
காலிச் சாக்குகளுக்கு நடுவில்
பச்சையாய் ஒரு புள்ளி
மினுங்கி, மினுங்கி, அணைந்தது.

செல்லை நீட்டுகிறவர்களுக்கெல்லாம் ஒரே பதில்:
"டவர் இல்லீங்க. நோட்டா குடுங்க,
அஞ்சு ரூபா கம்மி பண்ணிக்கறேன்."
சிலர் முனகினார்கள்.
சிலர் அடுத்த கடைக்கு நடந்தார்கள்.
பூண்டுக்காரரின் பெட்டி
நாற்பது, எண்பது, நூற்றுப் பத்து என்று
மூச்சுவிடாமல் சந்தைக்கே சொல்லிக்கொண்டிருந்தது.

நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
என்னைத் தெரிந்ததோ என்னவோ.
அரைக் கிலோ புளி கேட்டேன்,
பழக்க தோஷத்தில் போனை எடுத்தேன்.
நான்கு கோடும் நிமிர்ந்து நின்றன.
புளிய மரத்துக்குப் பின்னால்
டவரே நின்றுகொண்டிருந்தது.
அவள் டவரைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
"டவர் இல்லீங்க."

என்னிடம் நோட்டு ஏது?
மூன்று வருஷமாய் டீயைக்கூட
விரலால் அழுத்திக் குடிப்பவன்.
டேங்க் கவருக்குள், ஆர்சி புக் நடுவில்,
யாராவது மடக்கினால் ஆகட்டும் என்று
நான்காய் மடித்து வைத்த இருநூறு ஒன்று.
மடிப்பில் நூல் விட்டிருந்தது.

வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.
மீதி நூற்றுப் பதினைந்தை
இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தாள்.
அந்த இருநூறு
சில்லறை டப்பாவுக்குப் போகவில்லை,
தார்ப்பாய்க்கு அடியில் போகவில்லை.
எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை.
தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டி ஒன்றும் சொல்லவில்லை.

பர்கூர் ரோட்டில் வண்டியை ஓரம்கட்டி
படிவத்தைத் திறந்தேன்.
காரணம்: சிக்னல் கோளாறு.
தீர்வு என்ற கட்டத்தில்
வெகுநேரம் விரல் நின்றது.
சுற்றிலும் குன்று, குன்றுக்குப் பின்னால் குன்று.
"பாறை அதிகம். இந்தப் பக்கம் அப்படித்தான்"
என்று எழுதி அனுப்பினேன்.

தங்கள் தகவல் பெறப்பட்டது
என்று வந்தது.

புளி நல்ல புளி.
கொட்டை எடுத்தது.
வீட்டில் நிறுத்துப் பார்த்தபோது
ஒரு கை கூடுதலாகவே இருந்தது.