இரண்டாம் சாட்சியின் வினைச்சொல்

லைட் தெரு உயர் நீதிமன்றத்தில்
எனக்கென்று ஒரு நாற்காலி இல்லை.
சாட்சிக் கூண்டை ஒட்டி நிற்பேன்,
பதினேழு வருடமாக, வலது காலில் கொஞ்சம் கூடுதலாக.
தமிழில் வருவது மலாயில் போகும்.
என் பெயர் எந்தத் தீர்ப்பிலும் இல்லை. இருக்கவும் கூடாது.

அன்று கூண்டில் கதிர்வள்ளி, ஐம்பத்தெட்டு வயது,
செபராங் ஜெயா ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர்.
பின் வரிசையில் மகள் மீனலோசனி.
சீன முகம், தமிழ்ப் பேச்சு,
எந்த நிறத்திலும் அடையாளக் கார்டு கிடையாது.
பிரசவித்தவள் பொய் முகவரி எழுதிக் கொடுத்துவிட்டு
மூன்றாம் நாள் வார்டை விட்டுப் போயிருந்தாள்.

பெற்றோரில் ஒருவர் குடிமகன் என்றால்
இங்கே பிறந்த பிள்ளையும் குடி என்கிறது அரசமைப்பு.
பெற்றோர் என்றால் யார் என்று எழுதி வைக்கவில்லை.
எழுதியவர்களுக்கு அது கேள்வியாகவே பட்டிருக்காது.
கதவில் யாரும் கதவு என்று பலகை மாட்டுவதில்லை.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் நல்ல மனிதர்,
என் தம்பி கல்யாணத்துக்கு வந்து மொய் வைத்தவர்.
அவர் மலாயில் கேட்டதை நான் தமிழில் கேட்டேன்:
இவளைப் பெற்றது நீங்களா?
கதிர்வள்ளி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.
"பெத்துக்கிட்டேன். இந்தக் கையிலதான்."

பெறு.
ஈன்றவளும் பெற்றாள், ஏந்தியவளும் பெற்றாள்.
சம்பளம் பெறுகிறோம், விடுதலை பெற்றோம்,
பிள்ளை பெற்றோம்.
நம் பேச்சு வழக்கில் இந்த வழக்குக்கே இடமில்லை.

மலாயில் அப்படி முடியாது. இரண்டு வினை.
ஒன்று வயிற்றுக்கு, ஒன்று கைக்கு.
நீதிபதி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.
விளக்கம் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.
"தெரிமா" என்றேன். பெற்றுக்கொண்டார்.
சரியான மொழிபெயர்ப்பு. இன்றைக்கும் சரிதான்.

இங்கே ஜெயித்தார்கள்.
கதிர்வள்ளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார், விதிப்படி நான் விடுவித்துக்கொண்டேன்.
அரசு மேல்முறையீடு செய்தது.
மேலே சாட்சிகள் இல்லை, தாள்கள் மட்டும்,
அதனால் தமிழ் தேவைப்படவில்லை.

இருவர் எதிர்த்தும் ஒருவர் ஆதரித்தும் எழுதினார்கள்.
பத்தி முப்பத்தொன்று:
வளர்ப்புத் தாயே ஒப்புக்கொண்டபடி
அவர் குழந்தையைப் பெற்றுக்கொள்ள மட்டுமே செய்தார்.
பத்தி நாற்பது:
சொல்லை விரிப்பது சட்டம் இயற்றுவோர் பாடு.
தனித்து நின்றவர் கேட்டிருந்தார்,
எந்த நாட்டுக்கும் உரியவளல்ல என்று காட்ட
எத்தனை தூதரகத்தின் மணியை இவள் அடிக்க வேண்டும்?

அந்த மாதமே மக்களவையில் ஒருவர் இதை எழுப்பினார்.
நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம்,
நாம் பேசுவது முறையல்ல என்று பதில் வந்தது.
அவர்கள் இவர்களைக் காட்ட, இவர்கள் அவர்களைக் காட்ட,
தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே
இன்ஜின் அணைந்த ஃபெரியில்
டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறாள் மீனலோசனி.
அவளுக்கு வயது இருபத்து நான்கு.
நாசி கண்டார் கடைப் பின்கட்டில் வேலை,
சேமநிதி இல்லை, சம்பளம் உள்ளங்கையில்.

கேன்டீனில் தேநீருக்குச் சில்லறை கொடுத்தால்
கடைக்காரம்மா சொல்கிறார், தெரிமா காசே.
அன்பைப் பெற்றேன் என்பதுதான் அவர்கள் நன்றி.
நாளைக்கு நாற்பது தடவை காதில் விழுவதுதான்.
அதில் பாதியை மட்டும் எடுத்து
நான் பதிவேட்டில் வைத்திருக்கிறேன்.

மார்ச்சில் கூட்டரசு நீதிமன்றம்.

நேற்று ஒரு மோட்டார் சைக்கிள் வழக்கு.
"எடுத்தேன்" என்றான் பையன்.
இரவல் எடுத்ததா, திருடி எடுத்ததா,
நீதிபதியின் பேனா என் பக்கம் திரும்பியது.
இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, துவான்,
எது என்று அவனையே கேளுங்கள் என்றேன்.
பதினேழு வருடத்தில் முதல் தடவை
எழுத்தர் தலை நிமிர்ந்து பார்த்தார்,
பேசியது யார் என்று.