எட்டாவது அட்டை

அக்டோபர் சனிக்கிழமை, இரவு ஏழு மணி.
ஐசெல் ஆறு தன் பாட்டுக்குக் கீழே கிடந்தது,
ஒரு கணுக்காலை நனைக்கும் அவசரம்கூட இல்லாமல்.
கரைமேல் இருபத்தாறு பேர்.
மஞ்சள் சட்டை, ரப்பர் பூட்ஸ்,
இருவருக்கு ஒரு டார்ச், ஒரு வரைபடம்.
வருவதாகச் சொன்னவர்கள் நாற்பது.

வெள்ளம் வரவில்லை.
வந்ததாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நீர் வாரியத்துப் பெண் பகலிலேயே வந்து
புல்லுக்குள் எட்டு அட்டைகளைச்
செருகிவிட்டுப் போயிருந்தாள்.
லேமினேட் செய்த சின்னச் சின்னப் படங்கள்:
ஒன்றில் விரிசல், ஒன்றில் எலிவளை,
ஒன்றில் உலைபோலக் கொதித்துக் குமிழும் மணல்.
தேடி எடுக்க வேண்டும். ஒத்திகை அவ்வளவுதான்.

ஹார்மன் ரொட்டி வண்டி ஓட்டுகிறவர்,
மூன்று மணிக்கு எழ வேண்டும்.
அவருக்கு ஜோடியாக வாய்த்தவள் செம்ஹார்,
அஸ்மாராவிலிருந்து வந்து ஆறு வருடம்.
"தண்ணீர் வராமல் போய்விடுமோ என்று
குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தேன்.
வந்துவிடுமோ என்று பயப்பட
இங்கே வகுப்பெடுக்கிறீர்கள்" என்றாள்.
ஹார்மன் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு கம்பம் தாண்டிய பிறகு
திடீரென்று சிரித்தார்.

ஊற்று தெளிவாக வந்தால் குறித்துக்கொண்டு நட.
மணலை அள்ளிக்கொண்டு வந்தால் கூப்பிடு.
அடைக்காதே.
அடைத்தால் வேறொரு இடத்தில் வாய் திறக்கும்.
சுற்றிலும் மூட்டை அடுக்கி
அதன் நீரையே அதன் தலைமேல் நிற்க விடு.
"கரை கரைய எவ்வளவு நேரமாகும்?" என்று
பயிற்சியில் யாரோ கேட்டபோது
வாரியத்துப் பெண் சொன்னாள்:
"அது கரையைக் கேட்க வேண்டிய கேள்வி."

பின்னால் டினெகேயும் கெய்ஸ்பெர்ட்டும்.
காற்றாலை வேண்டுமென்று கையெழுத்து வாங்கியவள்,
கூடாதென்று வழக்குப் போட்டவர்.
நான்கு வருடமாக முகம் கொடுத்துப் பேச்சில்லை.
பட்டியல் போட்டவருக்கு அது தெரியாது,
அல்லது நன்றாகத் தெரியும்.
இப்போதும் பேசவில்லை.
டார்ச் பிடித்த கை மட்டும்
மற்றவர் அடுத்த அடி வைக்கப்போகும் புல்லைப்
பார்த்துப் பார்த்து நகர்ந்தது.

மேலே, வெகுதூரத்தில், பாசல் நகரத்தில்
இந்நேரம் ஒருவர் ரைன் நதியின் அளவைப் படித்து
ஒரு எண்ணை அனுப்பிக்கொண்டிருப்பார்.
அவருக்குப் பல்வலி இருக்கலாம்,
வீட்டில் சண்டை இருக்கலாம்.
அவர் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது.
அந்த எண்ணை நம்பித்தான்
இந்தக் கரையோரம் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

பத்தரைக்குள் ஏழு அட்டைகள் கிடைத்தன.
கொட்டகையில் பட்டாணி சூப், ஈரக் காலுறை வாசனை.
எட்டாவதைக் காணவில்லை.
வாரியத்துப் பெண் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்:
செருகிய இடத்தில் ஒன்றுமில்லை.
"ஆடு தின்றிருக்கும்" என்றார் ஒருவர்.
எல்லாரும் சிரித்தார்கள்.
செம்ஹார் மட்டும் கேட்டாள்:
"அதில் என்ன படம்?"
வாரியத்துப் பெண் பட்டியலைப் புரட்டினாள்.
அந்த வரியில் தேநீர் சிந்தியிருந்தது.

கலைந்தார்கள்.
ஆறும் மழையும் எந்தத் தேதியும் சொல்லவில்லை.

விடிய நேரமிருந்தது.
கரைச் சாலையில் ரொட்டி வண்டி திரும்பியபோது
சரிவில், புல்லுக்குள், ஒரே ஒரு வெளிச்சம்.
திருடனோ என்று வேகத்தைக் குறைத்தார் ஹார்மன்.
இரண்டு உருவங்கள், குனிந்தபடி.
பேச்சுச் சத்தம் இல்லை.
இல்லாததை வைத்தே
யார் யாரென்று புரிந்தது.

வண்டியைக் குறுக்கே திருப்பி நிறுத்தி
முன்விளக்கு இரண்டையும் சரிவின்மேல் போட்டார்.
பூட்ஸ் இல்லை; பேக்கரிச் செருப்போடு இறங்கினார்.

அட்டை கிடைக்கவில்லை.
அன்று ஊருக்கு ரொட்டி
நாற்பது நிமிடம் தாமதம்.