பதினாறு ஆம்பியர்

"நாலே நிமிஷம், தண்ணி கொதிச்சிரும்க்கா" என்றான்
செவ்வாய்ப்பேட்டைக் கடைப் பையன்.
எந்தத் தண்ணி?
ஏற்காட்டு மார்கழித் தண்ணிக்குக்
கொதிக்கவே மனசு வராது, தம்பி.

இருபது வளைவும் மடியில் வைத்து இறக்கிய
என் சாம்பார் குண்டானை ஏற்றினேன்.
கீச் கீச்சென்று மறுத்தது இண்டக்‌ஷன் அடுப்பு.
பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை
அடியில் வைத்துப் பார்த்தான்.
வழுக்கி விழுந்தது.
"ஒசத்தி எவர்சில்வர்க்கா. அதான் ஒட்டல."
இரும்பாலை ஊர்ப் பையன் சொன்னால் சரிதான்.

மண் சரிந்து கேஸ் வண்டி வராத
மூன்று நாளும்
விறகுப் புகையில் இட்லி அவித்தவள் நான்.
விசிறி எந்தப் பக்கம் காற்றிழுக்கும்,
கடலைமாவு உள்ளே போகுமா,
எல்லாம் கேட்டேன்.
வயரை முழம் போட்டேன்:
மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு.
பெரிய பிளக் எங்கள் அடுக்களையில் ஒன்றுதான்,
அதில் கிரைண்டர் உட்கார்ந்திருக்கிறது.
மாவா சாம்பாரா என்று
இனி விடிந்தால் பஞ்சாயத்து.

"பில் என்ன பேருக்குக்கா?"
அமலோற்பவம் மெஸ், ஏரிக்கரை.
புதுக் குண்டான் ஒன்று, மட்டமானது, காந்தம் ஒட்டுவது.
அந்தக் காந்தத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மலையேறும் பஸ்ஸில்
மடியில் அடுப்பு, காலடியில் பழைய குண்டான்.
பதினோராம் வளைவில் இரண்டும் முட்டிக்கொண்டன.
குனிந்து
குண்டானைத்தான் தடவிப் பார்த்தேன்.