ஒரு காசு குறைவாக

மஸ்கெலியா பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே
ஏழரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
குளவியாகிறேன்.
அங்கே என் பெயர் அதுதான்.
வாளும் இல்லை, குதிரையும் இல்லை.
டிராகனைக் கொல்லப் போகிறவர்களுக்கு
இரும்புத்தாது விற்கிறேன்.

நான் 340 காசு போட்டால்
ஸ்னோரேவன்_41 339 போடுவான்.
338 என்பேன்.
மூச்சு விடுமுன் 337.
ஒரே ஒரு காசுதான்,
ஆனால் வாங்க வருகிறவன்
மேலே நிற்கிற பெயரைத்தான் பார்க்கிறான்.

ஒவ்வொரு முறை விலையை மாற்றவும்
சந்தை நூற்றுக்கு இரண்டு பிடித்துக்கொள்ளும்.
மடுவத்தில் அக்காவின் கொழுந்தில்
சாக்குக்கென்று இரண்டு கிலோ கழிக்கிறார்களே, அப்படி.
விற்றாலும் போகும், விற்காவிட்டாலும் போகும்.

ஆகவே படித்துக்கொண்டேன்.
குறைப்பவனைக் குறைக்க விடு.
290க்கு இறங்கியதும் மொத்தமாக வாரி எடு,
மறுபடி 340க்கு அடுக்கு.
இருபது இருபதாக அடுக்கு,
புதிதாய் வந்தவன் ஆயிரம் கட்டி வாங்கமாட்டான்.
வியாழன் புதுக் கவசம் வருகிறதென்றால்
புதன்கிழமை கும்பிட்டுக் கேட்டாலும் கொடுக்காதே.

இவ்வளவும் கடைக் கடன் கொப்பியின் பின்பக்கம் இருக்கிறது.
முன்பக்கத்தில்
சாமிமலை வேன் டிரைவர், ரீலோட் 200.
அமலதாஸ் மாஸ்டர், சார்ஜர் வயர், பாதி பாக்கி.

பின்பக்கத்தில் சிவப்பால் கோடிட்ட வரிகள் மூன்று:
மே 9, 8.12. கரண்ட் போனது. அவனும் போனான்.
மே 14. கரண்ட் வந்தது. அவனும் வந்தான்.
மே 22. அதே.

பெயரில் பனி இருந்ததால்
நோர்வேக்காரன் என்றுதான் நினைத்திருந்தேன்.
பிரவுன்லோ பக்கம் லைனில் மரம் விழுந்தால்
நோர்வேயில் விளக்கு அணையுமா?

டவருக்கு பற்றரி உண்டு.
எனக்கு பவர் பேங்க் உண்டு.
அவனுக்கு இல்லை.

ஜூனில் காற்று தொடங்கியது.
கரண்ட் எப்போது போகும் என்று
ஆசையோடு காத்திருந்தவள்
இந்த டவுனிலேயே நான் ஒருத்திதான்.
ஒரே இரவில் ஆறாயிரத்து இருநூறு தாது வாங்கினேன்.
விலை 410.
கடைக்குள் கை தெரியாத இருட்டு,
கைக்குள் சந்தை.

நேற்றுக் காலை ஒருவன் வந்தான்.
சொட்டுகிற குடை. சுத்தமான நகங்கள்.
"பவர் பேங்க் இருக்கா? பெரிசு."
"முடிஞ்சிருச்சு."
கண்ணாடிக்குள் மூன்று இருந்தன.
அவன் பார்த்தான். நானும் பார்த்தேன்.
"அது ஓடர்."
குடையை விரித்தபடி சொன்னான்:
"ராத்திரியில கரண்ட் போனா பெரிய நஷ்டம்."

கரண்ட் போனால் தொல்லை என்பார்கள்,
சனியன் என்பார்கள்,
சமைக்க முடியவில்லை என்பார்கள்.
நஷ்டம் என்று யார் சொல்வார்கள்?

விற்றிருந்தால் அறுநூறு ரூபா லாபம்.
நிஜ ரூபா.
அதை எங்கும் இல்லாத இரும்புக்காக விட்டேன்.
இந்தக் கணக்கைக் கொப்பியின்
எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை,
எழுதவில்லை.

இன்று எட்டு நாற்பதுக்கு
டவுன் முழுக்க ஒரேயடியாய் அணைந்தது.
கோயில் ஸ்பீக்கர் பாதிச் சொல்லில் நின்றது.
எங்கோ ஒரு பிள்ளை கத்திச் சிரித்தது.
திறந்தேன்.
குளவி, 410.
அதற்கு மேலே,
ஸ்னோரேவன்_41, 409.

கீழ்க்கடையில் வாங்கியிருப்பான்.
அங்கே ஐம்பது ரூபா கூட.

ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தேன்.
எதிர்ச் சாரியில், தையல்கடைக்கு மேல்மாடியில்
ஒரு ஜன்னல் மட்டும் நீலமாய் இருந்தது.
அவனாகவும் இருக்கலாம்,
நாடகம் பார்க்கிற யாராகவும் இருக்கலாம்.

408 தட்டிவிட்டு
ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.