குப்பைக்குப் போகும் சொற்கள்

அசுன்சியோனில் ஜனவரி.
மின்சாரம் போய்ப் போய் வரும் அறையில்
செனட்டரின் நூற்றுப் பன்னிரண்டு உரைகள்
என் மடிக்கணினிக்குள் வியர்க்கின்றன.

நிரல் முதலில் பெருக்கித் தள்ளும்:
ஆனால், மற்றும், அந்த, இந்த, நான், நீ.
எல்லோர் வாயிலும் கிடப்பவை, எடையற்றவை.
மிச்சம் நிற்பவை பெரியமனிதச் சொற்கள்.
தாயகம். முன்னேற்றம். உழைப்பு.
எதிர்க்கட்சிக்காரரும் அதே அளவில்தான் சொல்கிறார்.
வரைபடத்தில் இரண்டு கோடுகள்
ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கிடக்கின்றன,
நடுவே ஒரு தாள் நுழையாது.

ஃபுல்ஹென்சியோதான் சொன்னான்,
ஒலிப்பதிவைக் கேட்டு எழுதித் தருகிறவன்,
ஆற்றோரத் தாழ்நிலத்தில் வீடு:
"குப்பையைக் கிளறிப் பாரேன்."

ஸ்பானிய மொழியில் அதற்கு ஒரு சொல்தான்.
கேட்பவன் உள்ளே இருக்கிறானா வெளியேயா,
யாருக்கும் தெரியாது. வசதி.
குவாரனியில் ஒளிய இடமில்லை.
உன்னையும் சேர்த்தால் ஞந்தே,
உன்னை வாசலில் நிறுத்தினால் ஓரே.
நம் பசி வேறு,
எங்கள் விருந்து வேறு.

எண்ணினேன்.
தேர்தலுக்கு முன் ஆயிரம் சொல்லுக்குப் பத்தொன்பது ஞந்தே.
பதவியேற்ற பின் நான்கு.
காலியான இடங்களில் எல்லாம்
ஓரே ஏறி உட்கார்ந்திருந்தது.
இது தற்செயலாக நேர
லட்சத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை என்றது சோதனை.
சந்தோஷப்பட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.
கணக்கு நேராக வந்த சந்தோஷம்.

பிறகுதான் தோன்றியது,
அந்த நான்கு எதற்கு மிஞ்சியது?
எங்கள் பாலம், எங்கள் ஆட்சி, எங்கள் கரைச்சுவர்,
வரிசையாக வந்துகொண்டிருந்தன.
நம் பொறுமை.
நம் தியாகம்.
ஜூனில் தண்ணீர் ஏறியபோது,
நம் ஆறு.

அந்த உரையைத் தட்டச்சு செய்த வாரம்
ஃபுல்ஹென்சியோ சதுக்கத்தில் இருந்தான்,
ஒட்டுப்பலகைச் சுவர், தகரக் கூரை.
கோப்பில், பதினான்காம் நிமிடத்துக்குப் பக்கத்தில்
அவன் குறிப்பு:
மழை. நான்கு சொற்கள் கேட்கவில்லை.
மழை பதிவிலா இங்கேயா, தெரியவில்லை.

அறிக்கையை ஸ்பானிய மொழியில்தான் கேட்கிறார்கள்.
"கண்டறிந்தோம்" என்று தொடங்கியிருக்கிறேன்.
அவன் திரையைப் பார்த்தான்,
அட்டையில் இருந்த ஒற்றைப் பெயரைப் பார்த்தான்,
தெரெரே குவளையில் குளிர்நீர் ஊற்றிக்கொண்டே கேட்டான்:
"இது ஞந்தேயா, ஓரேயா?"

குவளை என் பக்கம் வருகிறது.
உறிஞ்சுகுழல் ஒன்றுதான்.
குடித்துவிட்டுத் திருப்பித் தருகிறேன்.
பதில் இன்னும் சொல்லவில்லை.